காதில் எழுதியிருந்த கணக்கு

மார்ச் 12, செவ்வாய், காலை 11.40. கொட்டிலில் குட்டிகள் 198.

அன்புள்ள பிடிவாதத்துக்கு, நானும் உன் அம்மாவும் இருபது தாய்ப்பன்றிகளும் நலம். நீ சாப்பிடுகிறாயா என்பதை எடை பார்த்து எழுது, வெறும் "நல்லா இருக்கேன்" என்றால் நம்பமாட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

நான் அனுப்பிய கணக்கு தப்பு. கலப்புத் தாய் அதிகக் குட்டி போடும் என்ற உன் ஆராய்ச்சி தப்பில்லை. கலப்புத் தாய் பத்து, சுத்த வெள்ளைத் தாய் பத்து, எல்லாம் ஒரே வாரத்தில் குட்டி போட்டன. மூன்றாம் நாள் அறை அறையாகத் தலையை எண்ணினேன், கலப்பில் 100, வெள்ளையில் 98, வித்தியாசமே இல்லை என்று எழுதிவிட்டேன். அதை நம்பித்தானே நீ, இருபதாம் தேதி பேராசிரியரிடம் என் கருத்து தப்பு என்று சொல்லிவிட்டுப் படிப்பையும் விட்டு வருகிறேன் என்று எழுதினாய்? ஒரு கணக்குக்காக ஒரு படிப்பையே விடுவதா? திட்டலாம் என்றால், அந்த அவசரம் என்னுடையது.

நேற்று ஊசி போட ஒரு வெள்ளைத் தாயின் அறையில் குட்டியைப் பிடித்தேன். காதில் இருந்த வெட்டு, அதாவது பெற்றவளின் அடையாளம், ஏழாம் நம்பர். ஏழாம் நம்பர் ஒரு கலப்புத் தாய், நான்கு அறை தள்ளி இருக்கிறது. உன் அம்மாவைக் கேட்டால், "ஆமா, நான்தான் மாத்தி விட்டேன். அது பதினாலு போட்டுச்சு, காம்பு பன்னெண்டுதான். இது ஏழு போட்டுட்டு சும்மா படுத்திருந்துச்சு. பசியில கத்துறதை உங்க நோட்டுக்காக விட்டுடணுமா?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீங்களா? பொறந்ததுமே காதுல வெட்டி வச்சிருக்கேன். படிச்சவருக்கு அதைப் படிக்கத் தெரியாதா?" என்கிறாள். பட்டயம் வாங்கியவன் அந்தக் காதை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

இன்று விடிந்ததிலிருந்து இருவருமாக ஒவ்வொரு காதையும் படித்தோம். பெற்றவள் கணக்கில் கலப்பு 107, வெள்ளை 91. மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை, அது உன் அம்மாவின் கை. கலந்தால் ரெண்டுங்கெட்டான்தான் பிறக்கும் என்று நான் கேலி செய்தபோது, குட்டி கலப்பாக இருந்தால் போதாது, பெற்றவளும் கலப்பாக இருந்தால்தான் எண்ணிக்கை கூடும் என்று பத்தொன்பது வயதில் சொன்னவள் நீ. பதினைந்து வருடமாகக் கலப்புப் பெண்களை எல்லாம் இறைச்சிக்கு அனுப்பியவன் நான். நமக்குள் இருபது வயதுகூட வித்தியாசமில்லை, அறிவில்தான் நீ மூத்தவள். ஆனால் ஒரு ஈற்றோடு முடிவு கட்டிவிடாதே, இன்னும் இரண்டு ஈற்று பார்க்கவேண்டும்.

பிடிவாதம் அம்மாவிடமிருந்து, அவசரம் என்னிடமிருந்து. கலப்பு நன்றாகத்தான் வந்திருக்கிறது. நூறு வயது இரு. கண்ணாடியை மாற்ற மறக்காதே. இனி நான் செய்யப்போவது:

1. காதுக் கணக்கை இத்துடன் வைத்து, உன் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கி இன்றே அனுப்புவேன்.
2. கலப்புப் பெண் குட்டிகளில் ஒன்றையும் இறைச்சிக்கு விற்கமாட்டேன். அதே கலப்பு ஆணோடு சேர்க்கவும் மாட்டேன், பாதி பலன் போய்விடும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது.
3. அடுத்த ஈற்றில் பிறந்த உடனே எண்ணுவேன். அதற்கு முன் அம்மாவைக் கேட்பேன்.
4. பேராசிரியர் சந்தேகப்பட்டால், தப்பாக எண்ணியவன் நான் என்று போனில் நானே சொல்வேன்.
5. நீ பெட்டி கட்டிக்கொண்டு வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். அம்மா திறந்துவிடுவாள், அதனால் வராதே.

இப்படிக்கு,
தலையை மட்டும் எண்ணிய அப்பா