புதன் கோளில் என் பிழை

ஹோம்புஷ் ரயில் நிலையம், சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கு, பார்கவியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

சூரியக் காற்று புதன் கோளின் காந்தப்புலத்தை எவ்வளவு அழுத்துகிறது என்று மூன்று வருடமாகக் கணக்கிட்டு வந்தேன் அல்லவா? போன வாரம் அதில் ஒரு பிழையைக் கண்டேன். வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் எங்கள் ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் எழுந்து, என் முடிவு தவறு என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும், உடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து யுகன் பின்னாலேயே வந்தார். "நானும் அதே முறையிலதான் செய்தனான். என்ர முடிவும் பிழையாத்தான் இருக்கும்," என்றார். இருவரும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்குகிறோம். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் பருப்புப்பொடி கொஞ்சம் அதிகமாக அனுப்பச் சொல்லுங்கள். யாரையாவது சாப்பிடக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை.

ரயில் வந்துவிட்டது.

உங்கள் பார்கவி