அந்தத் தாய்க்கு என் முகம்

எம்மன்புரூக்கே, சுவிஸ்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மகள் பவதாரணிக்கு,

நாங்கள் சுகம். டோக்கியோவில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவளுக்கு இப்படிப் படம் கீற நேரம் வராது. அப்பாவுக்கு முழங்கால் நோ, ஹோட்டல் குசினியில் சமைத்தபடி நாள் முழுக்க நிற்கிறார், அதை நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிட்டேன். போன ஞாயிறு சிவகலா வீட்டில், நீ வேலை செய்கிற கராத்தே அனிமேயை அவளின் மகன் மிதுன் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். அதில் வருகிற தாய்க்கு மூலப் படக்கதையான மங்காவில் முகமே இல்லை, உன் அறையில் கிடக்கிற அதன் ஜெர்மன் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன், முதுகு மட்டும்தான் கீறியிருக்கிறது. அனிமேயில் அவளுக்கு என் முகம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கதைக்காமல் உதட்டை மடிக்கிறாளே, அது நான். சிரித்துச் சிரித்து மகளின் பெல்ட்டை அண்டாவில் போட்டு அவிக்கிறாள். மிதுன் திரும்பிப் பார்த்து, அன்ரி, நீங்கள் உண்மையா அவிச்சனீங்களோ என்று கேட்டான். அவனை அதட்டிய சிவகலாவே பிறகு சிரித்தாள். உன் அப்பாவும் சிரித்தார். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது, அது உனக்குத் தெரியும், தெரிந்துதான் கீறியிருக்கிறாய்.

நான் அவிக்கவில்லை. கட்டடத்துக்கே பொதுவாகக் கீழே இருக்கிற உடுப்புத் தோய்க்கிற அறை எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருநாள்தான் கிடைக்கும், அந்த முறை உன் கராத்தே சோதனைக்கு முதல்நாள் வந்தது. வெள்ளைச் சட்டையோடு மண்ணிறப் பெல்ட்டையும் மெஷினில் போட்டேன், வியர்வை நாறியது. பெல்ட்டைத் தோய்க்கக்கூடாதாம். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம், கம்பஸ் என்று போனவள் நான், அங்கே இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. பெல்ட் வெளிறி, சட்டை சாயம் ஏறிச் சுருங்கிவிட்டது, நீ கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாய். பிறகு நான் எங்கே போனேன் என்று என்றைக்காவது கேட்டாயோ? அந்தப் பனிக்குள் உன் மாஸ்டரிடம் நடந்து போனேன். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், அரைகுறை ஜெர்மனில், மகளுக்கு நாளைக்குச் சோதனை, ஒரு சட்டையும் பெல்ட்டும் தாருங்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் தந்தார். காலையில் உன் கதவடியில் வைத்தேன். நீ அப்பா கொண்டுவந்தது என்று நினைத்து அவரைக் கட்டிப்பிடித்தாய், அவரும் இல்லையென்று சொல்லவில்லை. என்னோடு நீ ஒரு மாதம் கதைக்கவில்லை. இப்போது பார்த்தால் உன் படத்தில் அந்தத் தகப்பன் பனிக்குள் நடந்துபோய்ச் சட்டை வாங்கிவருகிறார், பின்னால் வயலின் வேறு!

இரண்டாம் பாகமும் வருகிறதாம். என் முகத்தை எடுத்தால் அந்தப் பனி நடையையும் என்னிடம் தா. ஏலாதென்றால் முகத்தை அழி.

கடவுள் உன்னைக் காக்கட்டும். கண்ணை டொக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. அப்பாவிடம் ஒன்றும் விசாரிக்க வேண்டாம், நான் விசாரித்துவிட்டேன், அவர் இப்போது சோபாவில் படுக்கிறார்.

உன் அம்மா,
கலாவதி