ஆறாவது ஆள்

மார்ச் 4, செவ்வாய்

பழைய கார் இன்று பாலத்தின் மேலேயே படுத்துவிட்டது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். இனி இதற்குச் செலவு செய்வது வீண், புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்.

என் மனைவிக்கு அந்தப் பெரிய டீசல் எஸ்யூவி மேல் கண். ஏழு சீட். எனக்கு ஹைபிரிட். கொஞ்ச தூரம் பேட்டரியில் ஓடும், கொஞ்சம் பெட்ரோலில். சத்தமில்லை, புகை குறைவு. ஐந்து சீட்.

மார்ச் 9, ஞாயிறு

ஷோரூமுக்கு ஆறு பேரும் பஸ்ஸில் போனோம். நான், அவள், பிள்ளைகள் மூன்று பேர், மாமனார். பெரிய வண்டியின் கடைசி வரிசையில் மாமா மெதுவாக ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

ஹைபிரிட் பக்கம் வந்ததும் கடைக்குட்டி விரல் விட்டு எண்ணினாள். "அப்போ தாத்தா எங்க உக்காருவார்?"

பதிலுக்கு நான்தான் பேசினேன். காற்று, புகை, பரிசோதனைக்கூடத்தில் நான் தினமும் பார்க்கும் ஏரித் தண்ணீரின் லட்சணம், நாளைக்கு இவர்கள் எதைச் சுவாசிப்பார்கள். விற்பனைப் பெண்கூடத் தலையாட்டினாள்.

மாமா சிரித்துக்கொண்டே, "எனக்கெதுக்கும்மா காரு? எனக்கு பஸ்தான் ராசி," என்றார்.

மார்ச் 10

இங்கேயாவது உண்மையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

மார்ச் 12, புதன்

எழுதிவிடுகிறேன். ஏழு சீட் வாங்கினால் எங்கே போனாலும் மாமா வருவார். அதனால்தான் வேண்டாம் என்றேன். ஏரியும் இல்லை, புகையும் இல்லை.

கெட்ட மனிதரா என்ன? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அத்தை போன பிறகு, இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் ஏறினால் காரில் அவள் மகளாகிவிடுகிறாள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளாகிவிடுகிறார்கள், நான் டிரைவராகிவிடுகிறேன். அதுவும் தப்பும் தவறுமாக ஓட்டுகிற டிரைவர். வாரத்தில் ஒரு மணி நேரமாவது நாங்கள் ஐந்து பேர் மட்டும் — இதில் என்ன தப்பு?

தப்பில்லை என்றால் ஏன் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை?

மார்ச் 20, வியாழன்

ஹைபிரிட்டுக்கு முன்பதிவு செய்தாயிற்று. மேலதிகாரி என் முதுகில் தட்டி, எல்லாரும் உங்களைப் போல யோசிக்க வேண்டும் என்றார். அலுவலக இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதியும் கொடுத்தேன். "வரும் தலைமுறையை நினைத்து" என்று ஒரு வரி. என் கையெழுத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

ஏப்ரல் 19, சனி

கார் வந்தது. சத்தமே இல்லை. ஐந்து பேரும் ஒரு சுற்றுப் போனோம். மாமா கேட்டைத் திறந்துவிட்டார். தெருமுனையில் கண்ணாடியில் பார்த்தேன். கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 26, சனி

பக்கத்து ஊரில் நடுவுள்ளவளுக்கு நீச்சல் போட்டி. காலையில் மனைவி, "அப்பா..." என்று இழுத்தாள். மாமாவுக்கு வீண் அலைச்சல் என்று நான்தான் முடித்துவைத்தேன். அவர் காதில் விழுகிற தூரத்தில்.

இரண்டாவது சுற்று முடிந்து நிமிர்ந்தேன். மேல் படிக்கட்டில், கடைசி வரிசையில், மடியில் துணிப்பையோடு மாமா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். எங்களைப் பார்க்காததுபோல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவுள்ளவளுக்கு மூன்றாம் இடம். ஈரத் தலையோடு முதலில் அவரிடம்தான் ஓடினாள். திரும்பும்போது அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நாங்கள் காரில். பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பஸ்ல போயிருப்பேன்ல. ஏன் கேக்கல?" என்றான். வழி முழுக்க அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. சத்தமில்லாத வண்டி வேறு.

ஏப்ரல் 27

காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் திரும்பவில்லை.

"எங்களுக்கு எண்ணத் தெரியாதா? ஷோரூம்லயே தெரியும்." குழாயை மூடினாள். "நானும்தானே வாயத் தொறக்கல. கொஞ்ச நேரம் நாம மட்டும் இருக்கலாம்னு எனக்கும் இருந்துச்சு. பெத்த பொண்ணு நான்."

அவள் அழுதிருந்தால் தேவலாம். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாமா வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னத்தச் சொல்ல, எப்படித் தொடங்க — நேராகவே சொன்னேன்.

"அந்தப் பெரிய வண்டிய நான் வேணாம்னதே உங்களாலதான், மாமா."

ஊசியை நிறுத்தாமல், "தெரியும் மாப்ள," என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தக் கடைசி வரிசைல உக்காந்து பாத்தேன்ல, எனக்கு முட்டி மடங்கல. நீங்க வாங்கியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்." செருப்பைக் காலில் மாட்டிப் பார்த்தார். "ஆனா வர்றீங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வைதிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மே 3

கேட்டேன். நாளைக்குக் கடற்கரைக்குப் போகிறோம், வர்றீங்களா? வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்க எனக்கு வாயில்லை.

மே 10

மறுபடி கேட்டேன். கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி" என்றார்.

மே 11, ஞாயிறு

முன்சீட்டில் மாமா. பின்னால் மூன்று பேரும். நான் பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே போனேன். போய்ச் சேரும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். என் பங்கு ஒரு டப்பாவில் மூடி இருந்தது.

கிளம்பும் நேரம், யார் எதில் என்று யாரும் பேசவில்லை. மணலைத் தட்டிவிட்டு நிறுத்தத்துக்கு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். மாமா. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

இரண்டு டிக்கெட் எடுத்தேன்.