சாமிக்கு விட்ட இடத்தில் ஒரு சுவர்

என் பிரியமான அப்பா,

நீங்கள் கட்டிய வீட்டுக்குள் ஒரு சுவர் வந்துவிட்டது. கூடத்தை இரண்டாக மறித்து, கீழ்ச்சரிவுப் பக்கம் ஒரு படுக்கையறை. அண்ணனுக்கும் அண்ணிக்கும். கல்யாணமானதிலிருந்து அவர்களுக்கென்று ஒரு கதவு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் நானும் முதலில் சந்தோஷப்பட்டேன், எந்தப் பக்கம் அறை என்று கேட்கும்வரை.

அந்தப் பக்கம் ஒரு மிளகு மூட்டையைக்கூட நீங்கள் வைக்க விட்டதில்லை. "அது சாமிக்கு உட்ட எடம்" என்று சொல்லி ஒரு படத்தை மாட்டி விளக்கும் வைத்தீர்கள். நான் ஆறாவது படிக்கும்போது விடாமல் கேட்டதால் எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னீர்கள். சமையலறையும் பாதிக் கூடமும் பாறைமேல் நிற்கின்றன. மீதி, சரிவில் கல் அடுக்கி மண் கொட்டி நிரவிய இடம்.

"பாரம் ஏத்துனா உக்காந்துரும் கண்ணு. உங்கம்மாகிட்டச் சொல்லாத. பயந்துக்கிட்டு இந்த ஊட்ல தூங்கவே மாட்டா."

நான் சொல்லவில்லை. நீங்கள் கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை.

அம்மா அந்த இடத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலில் பூக் கேட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. "உங்கப்பனே உத்தரவு குடுத்த மாதிரி இருக்குது சாமி" என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். படத்தையும் விளக்கையும் சமையலறைக்கு மாற்றினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கே சாமியே இருந்ததில்லை என்று எப்படிச் சொல்வேன்? மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியதைச் சாமியிடம் கேட்டுவிட்டோம் என்று யாருக்குப் புரியவைப்பேன்?

பேளுக்குறிச்சியிலிருந்து வந்த மேஸ்திரியிடம் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏனுங்க, இந்தச் சுவத்துக்கு அஸ்திவாரம் வேண்டாமுங்களா?"

"உள்சுவத்துக்கு எதுக்கு அம்மணி அஸ்திவாரம்? தரை மேலயே கட்டிக்கலாம். நீ என்ன, இஞ்சினீரா?"

"பத்தாவதுங்க."

"அப்பப் போயிப் பரிச்சைக்குப் படி."

அண்ணனும் சேர்ந்து சிரித்தான். மூன்றே நாளில் ஹாலோ பிளாக் சுவர் ஓடு வரை ஏறிவிட்டது.

பிறகு மழை பிடித்தது. நான்காம் நாள் அறைக் கதவு சாத்த வரவில்லை. "மழைக்கு மரம் ஊதிருச்சு" என்று அண்ணன் கதவின் மேல்விளிம்பை இழைத்தான். ஒரு வாரத்தில் மறுபடி இடித்தது. மறுபடி இழைத்தான். சுவரோரமாகத் தரையில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது.

பள்ளி நூலகத்தில் கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டிப் பார்க்கச் சொல்கிறது. காகிதம் கிழிந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தமாம். நோட்டுத்தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். முதல் தாள் இரண்டு நாள் தாங்கியது. அடுத்தது ஒரு நாள். நேற்றுக் காலை ஒட்டியது, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிழிந்திருந்தது.

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் இறங்கிப் பார்த்தேன். நீங்கள் அடுக்கிய கற்களின் இடுக்கில் எப்போதும் தெளிந்த தண்ணீர்தான் கசியும். இன்று செம்மண் கரைந்து வருகிறது. அது நம் தரைக்கு அடியிலிருந்துதானே வருகிறது? நீங்கள் இருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்பீர்கள்? எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்களா, இன்னொரு சாமி கதை சொல்லியிருப்பீர்களா? கோபத்தில் கேட்கவில்லை அப்பா. இல்லை, கொஞ்சம் கோபம்தான்.

இன்று சாயங்காலம் அண்ணி சேந்தமங்கலத்துத் தாய்வீட்டிலிருந்து வருகிறார், நான்கு மாதக் குழந்தையோடு. உங்கள் பேரன். முகவாய் அப்படியே உங்களுடையது. அம்மா உங்கள் பழைய வேட்டியில் தூளி கட்டி, அந்த அறையில்தான் தொங்கவிட்டிருந்தார். அதை நான் இப்போதுதான் அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

"யாரு சாமி உன்னைய அவுக்கச் சொன்னா?" என்று அம்மா வாசற்படியில் நின்று கேட்கிறார்.

"ஒரு பக்கம் எழுதி முடிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றிருக்கிறேன். நகராமல் நிற்கிறார். மழையும் விடவில்லை.

நீங்கள் காக்கச் சொன்ன ரகசியத்தை இனிக் காக்க மாட்டேன். நீங்கள் சொன்னது பொய் என்று அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அம்மா உங்கள்மேல் வருத்தப்படலாம். என்னை நம்பாமலும் போகலாம். அப்படியானால் கடைசி பஸ் வரும்போது ரோட்டிலேயே நின்று அண்ணியை மறிப்பேன். குழந்தை அந்தத் தரைமேல் ஒரு பொழுதும் தூங்காது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சொல்லை முதன்முதலாக மீறும் மகள்,
தேன்மொழி