நான் வேண்டிக்கொண்ட ஒல்லி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் அப்பாவும் நானும் நலம். உன் நலத்தைக் கேட்டால் "நல்லாத்தான்மா இருக்கேன்" என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, பிளம்பர் நாலாவது நடையில்தான் வாஷரை மாற்றினார். இதையெல்லாம் எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். பொறுத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை உன் அறையில் கூட இருக்கும் பெண் என் போனுக்கு அந்த ஊர் மொழியில் ஒரு வரி அனுப்பினாள். உங்கள் மகள் இப்போது இப்படி ஆகிவிட்டாள், அவளிடம் பேசுங்கள் என்று. 'இப்படி' என்ற இடத்தில் ஒரு சொல். உன் பழைய பாடப்புத்தகங்களை வைத்து எழுத்துக் கூட்டி அந்த மொழியைக் கற்றவள் நான். மற்றச் சொல்லெல்லாம் புரிந்தது, அது ஒன்றுதான் புரியவில்லை. போனிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். 'எலும்பு நிறைந்த' என்று வந்தது. மீனுக்குச் சொல்வது போல. சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

கீழ்வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒடிசலாக, கொடி மாதிரி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊரில் அது பாராட்டு, பெண்கள் காசு கொடுத்து அப்படி ஆகிறார்கள் என்றார். மனசு ஆறவில்லை. நீ விட்டுப்போன அகராதியை எடுத்தேன். மெலிந்த, வற்றிய, எலும்பு துருத்திய என்று இருந்தது. எல்லாவற்றையும் வீட்டுக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றோடும் உன் முகத்தைச் சேர்த்துப் பார்த்தேன். எதிலும் உன்னை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம் போனேன். அவர் அர்த்தமே சொல்லவில்லை. "படி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேளுங்கம்மா. வெயில்லயும் குளிருதுங்குதான்னு கேளுங்க" என்றார். வீட்டுக்கு வந்தால், காய்கறிக்கே இரண்டு கடைக்கு மேல் ஏறமாட்டாய், ஒரு சொல்லுக்கு ஊரையே சுற்றிவிட்டு வருகிறாயே என்று அப்பா கேலி செய்தார். அந்தக் கேள்விகளை அப்படியே உன் தோழிக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. மாடி ஏறும்போது நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துவிடுகிறாயாம். கோடையிலும் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராம். மதியச் சாப்பாட்டை டப்பா நிறைய எடுத்துப்போய், வழியில் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறாயாம். அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே போனை வாங்கிக்கொண்டார். அந்த மொழியில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சம்பந்தம் பேச வந்தார்களே, அந்த மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு நல்லாப் பூசினாப்பல இருக்கா" என்று இழுத்தாள். டம்ளர் எடுக்க வந்த நீ அங்கேயேதான் நின்றாய். நான் அவளோடு சேர்ந்து சிரித்தேன். மறுநாளே உன் தட்டுக்குச் சின்னக் கரண்டி வந்துவிட்டது. பீரோக் கதவின் உள்பக்கம் தாள் ஒட்டினேன். சனிக்கிழமைதோறும் உன்னை மெஷினில் ஏற்றி எடையை எழுதினேன். குறைந்த வாரம் கன்னத்தை வழித்துக் கொஞ்சினேன். கூடிய வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சம்பந்தம் தட்டிப்போன பிறகும் தாளை எடுக்கவில்லை.

அதோடு விட்டேனா? தினமும் விளக்கின் முன்னால் நின்று, என் மகள் ஒல்லியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதில் நிறுத்த வேண்டும் என்று கடவுளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கணக்கில் அரைக்காசு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அது தோன்றாமல் போயிற்று.

நேற்று அந்தத் தாளைக் கிழித்தேன். பசை விடவில்லை, ஓரமெல்லாம் கதவிலேயே நிற்கிறது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. எழுந்துபோய்த் துணி மடிக்கிறேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். எந்த வீட்டில் போன் அடித்தாலும் நம் வீட்டுப் போனோ என்று ஓடுகிறேன்.

உன் தோழி இருபதாம் தேதி காலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். கடிதம் அதற்கு முன்பே வந்துவிடும் என்று கூரியர்க்காரர் சொன்னார். அவள்மேல் கோபப்படாதே, உன்னோடு பிறக்காத அக்கா என்று நினைத்துக்கொள். போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

டாக்டர் இது எப்போது ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார். எனக்கு உன்னைத் தெரியும். யாரிடமும் அம்மாவை விட்டுக்கொடுக்கமாட்டாய். வேலை அதிகம், ஊர் புதுசு, அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது சொல்லி மழுப்புவாய். வேண்டாம். வீட்டில்தான் ஆரம்பித்தது, அம்மாதான் ஆரம்பித்துவைத்தாள் என்று அவர்கள் மொழியிலேயே பச்சையாகச் சொல். எனக்கு வருத்தம் வராது. வந்தாலும் அது உன் பாடு இல்லை.

தீர்க்காயுசாக இரு, கண்ணு. என்னைச் சொல்லிவிடு.

அம்மா