கரைப்பாதையும் வெள்ளப் பலகையும்

1953 மே 4, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கிழக்கே மேகம், மழை இல்லை. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

கரைப்பாதை வேலை. கிள்ளியாற்றங்கரையில் சலவைத் துறையிலிருந்து பள்ளம் வரை களை வெட்டல். தொட்டாவாடி (தொட்டாற்சிணுங்கி) முள் சைக்கிள் பெடல் உயரத்துக்கு வந்துவிட்டது. குழிகளுக்குச் செம்மண். எல்லாம் தனியாக.

குட்டன் பிள்ளை இன்றும் வரவில்லை. நான் சர்வே ஆபீசிலிருந்தும் அவர் டிராயிங் மாஸ்டர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற நாள் முதல் இந்தக் கரையை நாங்கள் இரண்டு பேர்தான் பார்த்துவருகிறோம். வெட்டுவோம், நிரப்புவோம், பிறகு அதே பாதையில் சைக்கிளில் ஒரு சுற்று. நடக்க வருகிறவர்கள் பாதை தானாகவே இப்படி இருக்கிறது என்று நினைப்பார்கள். அதில் எங்களுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. எனக்கு இருந்தது. அவருக்கு இருந்ததா என்று இப்போது சந்தேகம்.

கு.பி. போன இடம் தெரியும். எதிர்வீட்டு விசுவநாதனோடு. மதராஸில் ரயில்வே எஞ்சினியராக இருந்து ஜனவரியில் இந்த மலையாளத்து ஊருக்குக் குடிவந்தவர். பச்சை நிறச் சீமை சைக்கிள், டைனமோ, மூன்று கியர். சமதளமான ஆற்றங்கரைக்குக் கியர் எதற்கு?

ஆத்துக்காரி மங்களம் கேட்டாள்: "எதிராத்து மனுஷர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டா நீங்க ஏன் ஜன்னல்ல நிக்கறேள்?"

காற்றுக்காக என்றேன்.

என் சைக்கிள் மட்கார்டு மறுபடி ஆடுகிறது. கம்பி வாங்க வேண்டும்.

மே 6, புதன்

வாசகசாலையில் கூட்டம். விசுவநாதன் வந்த பிறகு எங்கள் வேலைக்குச் சங்கம் என்று பெயர் வந்துவிட்டது. அவர்தான் தலைவர். யார் தேர்ந்தெடுத்தது என்று நினைவில்லை. நானும் கை தூக்கியிருக்கலாம்.

ஞாயிறன்று முனிசிபல் கவுன்சிலரை அழைத்துப் பாதையைத் திறக்கிறார்களாம். ஆறு வருஷமாகத் திறந்தே கிடக்கிற பாதை. ஜவுளிக்கடைக்காரர், "விசுவநாதன் சார் பாதைன்னே பேர் வைக்கலாமே" என்றார். கு.பி. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பள்ளத்தில் மழைக்காலத்தில் ஆறு ஏறும். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது என் யோசனை. போன வருஷமே கு.பி.யிடம் சொன்னது. இன்று அது விசுவநாதன் வாயிலிருந்து வந்தது. வாசகத்தையும் அவரே மலையாளத்தில் எழுதிவிட்டார். மூன்று மாதமாகக் கு.பி. அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாரே!

கூட்டம் கலையும்போது தாளை என் கையில் கொடுத்தார்.

"ஓய், குட்டன் பிள்ளைக்குக் காட்டாம எழுதினது. அவரை ஆச்சரியப்படுத்தணும். நீர் ஒரு பார்வை பார்த்துடும். தப்பு இருந்தா இப்பவே சொல்லிடும், பெயிண்டர் காத்திண்டிருக்கான்."

வாசகம்: இவிடெ வெள்ளம் வரும். காத்து நில்க்குக.

தமிழை அப்படியே மலையாள எழுத்தில் போட்டிருக்கிறார். அவர் மனத்தில் இருப்பது ஆற்று வெள்ளம். வடியும்வரை நில்லுங்கள் என்று அர்த்தம். ஆனால் மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர். ஆறு பெருகுவதற்கு வெள்ளப்பொக்கம் என்று வேறு வார்த்தை. இங்கே பிறந்த எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"நன்றாக இருக்கிறது" என்றேன்.

மே 7, வியாழன்

தலைவலி. சுக்குக் காபி.

சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் எதிர்வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே கு.பி. குரல்: "அங்ஙனெ அல்ல, நாக்கு மடக்கணும். மடக்கி, மழ!" "மள!" "மளயல்ல சாரே, மழ!" இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கு.பி. என்னோடு அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று? என்னோடு பேசினால் பெரும்பாலும் பாதையோர வடிகால் ஓடையைப் பற்றித்தான் பேச்சு.

திரும்பிவிட்டேன். பலகையைப் பார்த்துக் கு.பி.யே சிரிக்கட்டும், இந்த மனிதரைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கட்டும் என்று தோன்றியது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

மே 8, வெள்ளி

பெயிண்டர் பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டான், துணி சுற்றி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணியை அவிழ்க்க இரண்டு முடிச்சுதான்.

மே 10, ஞாயிறு

திறப்பு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று யாரோ துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்று காலை போனால் பள்ளத்தில் பெண்கள், வரிசையாக, குடமும் அலுமினியப் பானையுமாக. அக்கரைக் கிணறுகள் வற்றிப் பதினைந்து நாளாகிறதாம்.

"எப்போழா வெள்ளம் வருந்நது?"

"போர்டில எழுதியிருக்கில்லே? காத்து நில்க்கான்."

"ஞான் விடிஞ்ஞப்போ தொட்டு நில்க்கா. என்டெ பின்னில போயி நில்லடி, நீ பின்னெ வந்நதல்லே!"

விசுவநாதன் சரிகை வேஷ்டியில் வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது. "என்ன ஓய், இவ்வளவு ஜனமா! குடம் வேற! பூர்ணகும்பமா?" என்று சொல்லிக் கை கூப்பிக்கொண்டே வரிசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அந்தப் பெண்கள் இவர்தான் குழாய் திறக்கிற ஆள் என்று நினைத்துக் குடங்களை நீட்டினார்கள்.

நான் புங்க மரத்துக்குப் பின்னால். வயிற்றில் ஏதோ இனித்தது. ஒப்புக்கொள்கிறேன், இனித்தது.

அதற்குள் கவுன்சிலர் வந்துவிட்டார். ஒரு கிழவி அவர் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டாள். "சாறே, போர்டு வச்சு, பைப்பு எவிடெ?" அவர் பலகையைப் படித்தார், குடங்களைப் பார்த்தார், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, இந்த மழைக்காலத்துக்கு முன்னால் இங்கே பொதுக்குழாய் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கைதட்டல். கு.பி. விசுவநாதன் காதில் வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னார். விசுவநாதன் பலகையை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பு.

"தப்பா எழுதினதுக்கே குழாய்னா, சரியா எழுதியிருந்தா அணைக்கட்டே வந்திருக்குமே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரோடு சேர்ந்து சிரித்தார்கள், அவரைப் பார்த்து அல்ல. ஜவுளிக்கடைக்காரர் மாலை போட்டார். நான் ஆறு வருஷம் சரியாகவே செய்துவந்திருக்கிறேன்.

மே 11, திங்கள்

கு.பி. கரை வேலைக்கு வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு. சேர்ந்து ஓடை வெட்டினோம். சந்தோஷமாக இருந்தது, சிறிது நேரம்.

"சாமி, அந்த போர்டு எழுதின கடலாசு சாமியோட கையில தந்நதாணென்னு விசுவநாதன் சார் பறஞ்ஞு. சாமி கண்டில்லே?" என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"கண்ணாடி எடுத்துப் போகவில்லை அன்றைக்கு."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வரைபடத்தில ஒரு புள்ளி மாறியாலும் கண்டுபிடிக்கிற ஆளாக்கும் சாமி."

ஓடையை முடித்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

மே 13, புதன்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் வீட்டு வழியாகப் போனேன். திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மணி அடித்தேன். பேப்பர் தாழவில்லை. காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. அவ்வளவு மந்தமில்லை.

அவரை அந்த மனிதரிடம் பறிகொடுத்துவிடுவேனோ என்று ஜனவரியிலிருந்து பயந்தேன். பறித்தது அவரில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மங்களம்: "சாதம் ஆறிப் போறது. யாரோட சண்டை?"

மே 14, வியாழன்

போனேன். எதிர்வீடுதான், தெருவைக் கடக்க வெகு நேரம்.

விசுவநாதன் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தாளைப் பார்த்தபோதே தப்பு தெரிந்தது. வேண்டுமென்றே சொல்லவில்லை. காரணம் பொறாமை. இந்த வார்த்தையை உரக்கச் சொன்னது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"யார் மேல?"

"உங்கள் மேல்."

"என் மேலயா! என்கிட்ட என்ன ஓய் இருக்கு? சைக்கிளா?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிண்டிருக்கீர்? குழாய் வரப்போறது. உக்காரும், காபி சாப்பிடும். பலகையை நீரே திருத்திடும், எனக்கு அந்த வார்த்தை வாயில நுழையல."

நான் பட்ட பாட்டுக்கு அவர் கொடுத்தது அரை டம்ளர் காபி. கோபமாவது பட்டிருக்கலாம். அவர் மனத்தில் நான் எதிரியாகக்கூட இல்லை. காபி நன்றாகத்தான் இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

மாலை, கறுப்புப் பெயிண்டில் ‘பொக்கம்’ சேர்த்தேன். எழுத்து கொஞ்சம் நெருக்கி.

மே 15, வெள்ளி

இரவெல்லாம் நல்ல மழை. விடிந்ததும் விட்டது. மண் வாசனை.

வாசலில் சைக்கிள் மணி. கு.பி. திருத்தின பலகையைப் பார்த்திருக்க வேண்டும்.

"விசுவநாதன் சாரோடு பறஞ்ஞோ?"

"சொன்னேன்."

"எந்தா பறஞ்ஞு அங்ஙேரு?"

"காபி கொடுத்தார்."

கு.பி. சைக்கிள் மேல் குனிந்து சிரித்தார். வாய்விட்டு. என்னோடுதான். "வா சாமி, வெயில் வரும் முன்பே போயிட்டு வராம்."

தெருமுனையில் விசுவநாதன் சேர்ந்துகொண்டார். நான் தடுக்கவில்லை, தடுக்க முடியுமா என்ன? கரையில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். நான் பின்னால், பச்சை மட்கார்டின் சேற்றை வாங்கிக்கொண்டு. பாதை இரண்டு சைக்கிள் அகலம். கயிறு பிடித்து அந்த அகலத்தை வைத்தவன் நான்தான், கு.பி.யும் நானும் போனால் போதும் என்று.

மாலை மங்களத்திடம் சொல்லாமல் வெட்டுக்கத்தியோடு போனேன். தென்புறம் மூன்றாவது சைக்கிளுக்கும் இடம் வர, ஒரு முழம் அகலத்துக்குத் தொட்டாவாடி வெட்டிச் சரளை போட்டேன். கையெல்லாம் முள். இருட்டிவிட்டது. வளைவு வரைதான் முடிந்தது. நாளைக்கும் வளைவைத் தாண்டினால் நான் பின்னால்தான்.