பால் குடிக்காத மணி

தக்கலை
14 ஆகஸ்ட் 1934

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜெபமணிக்கு உன் அம்மா சத்தியபாய் சமாதானம் சொல்லி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் அவருடைய கிருபையால் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆனாலும் சோற்றுக்குக் கூப்பிட்டால் முதலில் வந்து உட்காருவது அவர்தான். உன் தங்கை லீலாபாய் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். நம் பசு செவலை சினையாக இருக்கிறது. ஐப்பசியில் ஈனும் என்கிறார் அப்பா.

உன் கடிதம் வந்தது. இறைச்சியை விட்டேன், மீனை விட்டேன், முட்டையை விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் பேசாமல் வாசித்தேன். பாலையும் மோரையும் விட்டேன் என்ற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பால் கன்றுக்கு உரியது, கன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மனிதன் கறந்துகொள்வது திருட்டு என்கிறாய். அப்படியானால் உன்னை வளர்த்தது திருட்டுப் பால். நல்லது.

நேராகவே கேட்கிறேன். உனக்கு உடம்புக்கு என்ன? வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியர் பத்தியம் சொல்லியிருந்தால் அதை அம்மாவிடம் எழுத வெட்கம் என்ன? உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்றால் யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாளை மீன் போட்டுப் புளிமுளம் வைத்தால் சட்டியைத் துடைத்துத் தின்கிற பிள்ளைக்கு இந்தப் புத்தி தானாக வராது. சொல்லிக்கொடுத்தது ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதிவிடு. மற்றதை நான் புரிந்துகொள்கிறேன்.

உபதேசியாரிடம் கேட்டேன். தின்னலாம் என்பதற்கு ஒரு வசனமும் விடலாம் என்பதற்கு ஒரு வசனமும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பி சென்னையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறானா என்று கேட்டார். போகிறான் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மிஷன் விடுதியை விட்டுத் திருவல்லிக்கேணியில் அறை எடுத்த பிறகு கோயிலைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனி கருவாடு அனுப்ப வேண்டாம் என்றதையும் கிளாராவிடம் சொன்னேன். குளச்சலிலிருந்து கடவத்தில் மீன் சுமந்து நம் வாசலுக்கு எத்தனை காலமாக வருகிறவள். முதலில் சிரித்தாள். பிறகு கடவத்தை இறக்கி வைத்துவிட்டு, மீன் பிடிப்பது பாவம் என்றால் எங்க வீட்டு ஆணுங்க கடலுக்குப் போய் என்னத்த எடுத்துட்டு வரணும் அக்கா என்று கேட்டாள். நீ படித்தவன், அவளுக்குப் பதில் எழுது.

இன்னொன்று. கடித உறையின் பின்பக்கம் என். மணி என்று எழுதியிருக்கிறாய். பாதிப் பெயர் எங்கே போயிற்று? உறையில் இடம் இல்லாமலும் இல்லை.

என் தாத்தா காலத்தில் நம்முடைய ஆட்கள் பசு வளர்க்கலாம், கறக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது என்று இருந்ததைப் போல அதுவும் மேல்சாதிக்காரர் போட்ட ஒரு தடை. தாத்தா ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, தன் தொழுவத்தில் உட்கார்ந்து தன் பசுவைக் கறந்தார். அதற்கு அடியும் வாங்கினார். அந்தப் பாலைத்தான் நீ வேண்டாம் என்கிறாய். ஒரு கன்றுக்குட்டிதான் இதற்குக் காரணமா, வேறு காரணமும் உண்டா என்று கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன்.

மெலிந்துவிடாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா
சத்தியபாய்


தக்கலை
20 அக்டோபர் 1934

அன்பு மகன் ஜெபமணிக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம்.

உன் பதில் வந்தது. மாட்டுக்கு ஒரு பக்கம், ஆட்டுக்கு ஒரு பக்கம், கோழிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. காளைக்கன்று பிறந்தால் பால் காட்டாமல் சாகவிடுகிறார்கள் என்றும், கோழியைக் கூடையில் தலைகீழாகக் கட்டித் தூக்கிப் போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நானும் கண்டிருக்கிறேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாடு இல்லாமல் நம் வயலை யார் உழுவது? நீ ஆபீசுக்குப் போட்டுப் போகிற செருப்பு எந்த மரத்தில் காய்த்தது? உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அப்பா, குஞ்சைப் பருந்து தூக்காமல் பார்த்துக்கொள்கிறவர்களும் நாம்தானே என்றார். அதோடு அவருக்கு வழக்கு முடிந்துவிட்டது. அவர் மனதில் சந்தேகம் இல்லை. எனக்கு உண்டு.

கிளாராவின் அண்ணன் சிலுவைமுத்து கருவாட்டு மூட்டைகளோடு சென்னைக்குப் போனார். அவரிடம் முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டேன். கோபத்திலும் யோசித்துத்தான் செய்தேன். சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. திரும்பி வந்ததும் அவர் நேராக நம் வீட்டுக்கு வந்தார்.

நீ இருக்கிற வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டிருந்ததாம். ஜெபமணியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, அப்படி ஒருவரும் இங்கே இல்லை, எங்கள் மாடியில் இருப்பது நாகர்கோவில் பக்கத்துச் சைவப் பிள்ளை மணி என்று வீட்டுக்கார அம்மாள் உள்ளே நின்றபடியே சொன்னாளாம். அதற்குள் நீ படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப்போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தாயாம். பலகாரத்தை வாங்கிக்கொண்டு, இனி வீட்டுக்கு வர வேண்டாம், ஆபீசுக்கு வாருங்கள் என்றாயாம்.

அந்த மனிதர் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நம்ம மேல கருவாட்டு வாடைல்லா, யாரு உள்ளே கேற்றுவா என்று அவரே உனக்காகப் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன் தின்கிறவனுக்கு அந்தத் தெருவில் அறை கிடைக்காது. அதற்காகப் பெயரில் பாதியை வெட்டினாய், பெற்றவர்களை ஒளித்தாய். அதை எழுத வாய் வராமல் கன்றுக்குட்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். ஆட்டுக்கு இரங்குகிற மனது, கையில் பலகாரத்தோடு வாசலில் நின்ற சிலுவைமுத்துவுக்கு இரங்கவில்லையே. நாங்கள் தின்கிறதைப் பார்த்து உனக்கு அருவருப்பு வந்துவிட்டதா, எங்களைப் பார்த்தே வந்துவிட்டதா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுது.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சிலுவைமுத்து உன்னைப் பார்த்தார், நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம். கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு கிடைக்காவிட்டால் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறை சின்னது, வேலை அதிகம் என்று உடனே எழுதிவிடாதே. அதை நான் நம்பமாட்டேன்.

தேவன் உன்னை நேர்வழியில் நடத்தட்டும்.

அம்மா
சத்தியபாய்


தக்கலை
11 டிசம்பர் 1934

என் மகன் ஜெபமணிக்கு அம்மா எழுதுவது.

செவலையின் கன்று செத்துப்போயிற்று. காளைக்கன்று. பிறந்தபோது துள்ளிக்கொண்டுதான் இருந்தது. பிறகு கழிச்சல் கண்டு எழுந்திருக்காமலே கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூங்கனி வந்து பார்த்து நல்ல கன்று என்று சொல்லிப் போன மறுநாள்தான் கழிச்சல் தொடங்கியது. அவள் கண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அப்பா தொழுவத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, நாம் மடியை ஒட்டக் கறந்தோம், கன்றுக்கு என்ன மிஞ்சியது என்றார்.

கன்று இல்லாமல் செவலை பால் விடவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தோலைக் காயவைத்து உள்ளே வைக்கோல் அடைத்துக் கால் வைத்து நிறுத்தினார் அப்பா. லீலா கறக்க உட்கார்ந்தாள், நான் பசுவைப் பிடித்துக்கொண்டேன். செவலை அந்தத் தோல்கன்றை முகர்ந்தது. கழுத்திலிருந்து வால்வரைக்கும் நக்கியது. தையல் பிரிந்து வைக்கோல் வெளியே வந்தது, அதையும் நக்கியது. பால் இறங்கிவிட்டது. தோல்கன்று நான் காணாதது இல்லை. ஆனால் கறக்கிற அவசரத்தில் பாத்திரத்தைத்தான் பார்த்திருக்கிறேன், பசுவின் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அழுகை வந்தது. லீலா பார்த்துவிடாமல் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. முதல் தடவையாகக் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறாய். அறைக்காகப் பொய் சொன்னது உண்மை, பாலை விட்டது பொய் இல்லை என்று எழுதியிருக்கிறாய். தினமும் காலையில் பால்காரன் பசுவை அந்த வாசலுக்கே ஓட்டி வருகிறான், தோல்கன்றைக் கக்கத்தில் இடுக்கி வந்து பசுவின் முன்னால் வைத்துக் கறக்கிறான், தண்ணீர் கலக்கிறானா என்று மட்டும் வீட்டார் பார்த்து நிற்கிறார்கள் என்கிறாய். கறி தின்கிறவன் படியேறக் கூடாது என்கிறவர்கள் அந்தப் பாலை வாங்கிக் குடிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்குப் பால்மேல் ஆசை விட்டுப்போயிற்று என்கிறாய்.

அதற்குப் பிறகு நீ எழுதியிருப்பதை வாசித்துச் சிரித்துவிட்டேன். மோர் வேண்டாம், நெய் வேண்டாம் என்கிற நீ எந்த ஊர்ச் சைவப் பிள்ளை என்று வீட்டுக்கார அம்மாளுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டதாம். அப்பா பெயர் என்ன, குலதெய்வம் எங்கே என்று விசாரிக்கிறாளாம். மீனை விட்டபோது உன்னை நம்பினார்கள், பாலை விட்டபோது சந்தேகப்படுகிறார்கள். நான் இரண்டுக்கும் சந்தேகப்பட்டவள்.

ஆனால் ஒன்று யோசித்தேன். ஆட்களுக்கு முன்னால் பெரிய மனிதன் ஆகச் சைவம் பூணுகிறவன் நெய்யை விடமாட்டான். நீ விட்டாய், அதனால் மாட்டிக்கொள்ளவும் போகிறாய். ஆகவே கன்று விஷயத்தில் உன்னை நம்புகிறேன். மீன் விஷயத்தில் கிளாராவுக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. எழுதும்வரைக்கும் நான் தின்பேன். அப்பா செவலையைக் கறப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த ஈற்றில் கன்று குடித்து மிஞ்சினால் பார்க்கலாம் என்கிறார். பால் விடாத காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மக்கா, உன் அம்மாவும் பால் கொடுத்தவள்தான். உன் கடிதங்களைப் பிரித்தால் உள்ளே மாடு இருந்தது, கோழி இருந்தது, யாரோ ஒரு மணி இருந்தான். என் பிள்ளை இல்லை. நானும் அதை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி வைக்கோலைக் காட்டி என்னை ஏமாற்றாதே.

அதனால் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோயிலுக்குப் போடுகிற கோட்டைத் துவைத்துக் காயவைக்கச் சொன்னார். திங்கட்கிழமை பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயில் ஏறுகிறார். காலையில் பால் கறக்கிற நேரத்துக்கு அந்த வாசலில் நிற்பார். மெதுவாகக் கூப்பிட அவருக்குத் தெரியாது. வயலில் நின்று கூப்பிடுவதைப் போல, ஏலே ஜெபமணி என்றுதான் கூப்பிடுவார். வேறே அறைக்கு மாறிவிட்டேன் என்று தந்தி அடிக்காதே. நிஜமாகவே மாறியிருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

அறை போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். மிஷன் விடுதி இருக்கிறது, இல்லாவிட்டால் வீடு இருக்கிறது. நீ பால் குடிக்க வேண்டாம், மீனைத் தொட வேண்டாம். உன் இலையில் பயறும் கீரையும் வைத்துவிட்டு நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அவர் கூப்பிட்டதும் அந்த அம்மாள் கதவருகே வருவாள். வாசலில் நிற்கிற கிழவர் யார் என்று உன்னிடம்தான் கேட்பாள். யாரோ ஊர்க்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதே, மக்கா. அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஆண்டவர் அந்த நேரத்தில் உன் நாவோடு இருக்கட்டும்.

உன்னைப் பெற்ற
சத்தியபாய்